கொல்லையில் நாலு வாத்து, பக்கத்தில் ஒரு மூலிகைப் பாத்தி

சம்பா அறுவடை முடிந்த கையோடு காவிரிப் படுகை வயல்களில் வாத்து மந்தைகள் இறங்கிவிடும். சிந்திய நெல், நத்தை, புழு, சிறு நண்டு என்று எதையும் விடாமல் அலசிக்கொண்டே ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நகரும். இரவில் மேட்டில் வலை கட்டிக் கிடை போடுவார்கள். விடியும்போது கிடைக்குள் முட்டைகள் வெள்ளையாகச் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி அட்டையில் அடுக்கி அனுப்பிவிட்டு மந்தையை மறுபடி ஓட்டிக்கொண்டு போவார்கள். தீனிச் செலவு குறைவு, கொட்டகை கிடையாது, பராமரிப்பு என்று பார்த்தால் ஒரு கோலும் ஆளின் குரலும்தான்.

வாத்து எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இந்தக் காட்சியிலிருந்துதான் நமக்கு வந்திருக்க வேண்டும். சந்தையில் இரண்டு ஜோடி வாங்கி வந்து கொல்லையில் விட்டு, ஒரு பழைய அன்னக்கூடையில் தண்ணீரும் மிஞ்சிய சோறும் வைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு மாதத்தில் கொல்லை சேறாகி நாற்றமெடுக்கிறது. பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். ஒரு வாத்து நொண்டுகிறது, இன்னொன்று காரணமே தெரியாமல் சாகிறது. மந்தை வாத்துக்கு நாளுக்கொரு புது வயலும் புதுத் தண்ணீரும் கிடைக்கின்றன; தான் போட்ட எச்சத்தை விட்டு அது நடந்து போய்விடுகிறது. கொல்லை வாத்துக்கு நேற்று நின்ற அதே பத்தடி இடமும் அதே தொட்டியும்தான். வீட்டில் வாத்து வளர்ப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

மூலிகைப் பாத்தி இங்கேதான் வேலைக்கு வருகிறது. வாத்துக்கு மூலிகை என்றவுடன் எந்த இலை எந்த நோய்க்கு என்ற பட்டியலைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பேச்சு பிறகு. பாத்தியின் முதல் வேலை, வாத்து அழுக்காக்கிய தண்ணீரைத் தினமும் வாங்கிக் குடித்து, அதைப் பச்சையாக்கித் திருப்பித் தருவது. இதைச் சரியாக அமைத்துவிட்டால் நாற்றமும் ஈயும் பாதி நோயும் வாசலிலேயே நின்றுவிடும்.

தண்ணீர்

வாத்து தின்பதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தவிட்டுக் கலவையில் அலகை அழுத்தி ஒரு வாய் அள்ளும். அள்ளிய வேகத்தில் தொட்டிக்கு ஓடி, அலகைத் தண்ணீருக்குள் விட்டுச் சலசலவென்று அலசி விழுங்கும். மறுபடி தீனிக்கு ஓட்டம். அதன் அலகின் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற மெல்லிய வரிகள் இருக்கின்றன. சேற்றுநீரை வாய் நிறைய எடுத்துப் பக்கவாட்டில் பீய்ச்சி, இரையை மட்டும் அந்த வரிகளில் நிறுத்திக்கொள்ளத்தான் அந்த அமைப்பு. கிணற்று நீரை ஊற்றிய பத்து நிமிடத்தில் தொட்டி கஞ்சிபோல் ஆவதற்குக் காரணம் இதுதான். வாத்து அசுத்தமான பிராணி என்று சொல்வது தவறு. உடல் அமைந்த விதத்தில் அது தின்கிறது, அவ்வளவே.

தண்ணீர் அருகில் இல்லாமல் உலர்ந்த மாவுத் தீனியை வைக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புட்டு மாவு பதத்துக்கு நனைத்துக் கொடுப்பதே நல்லது. நனைத்த தீனி வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால், ஒரு வேளையில் தின்று தீர்க்கும் அளவுதான் வைக்க வேண்டும்.

நீந்தக் குளம் வேண்டுமா என்று கேட்பார்கள். இருந்தால் வாத்துக்குச் சந்தோஷம், இல்லாவிட்டாலும் முட்டையிடும். ஆனால் தலையை முழுசாக அமிழ்த்தும் ஆழம் கட்டாயம் வேண்டும். கண்ணையும் மூக்குத் துளையையும் வாத்து அப்படித்தான் கழுவிக்கொள்கிறது. ஐந்தாறு அங்குல ஆழத்துக்குக் குறைந்த தட்டில் தண்ணீர் வைத்தால், சில வாரங்களில் கண்ணோரம் பீளை கட்டி ஒட்டிக்கொள்ளும். அப்போது சொட்டு மருந்து தேடுவதைவிட முதலில் தட்டை மாற்ற வேண்டும்.

நாலு வாத்துக்கு ஐம்பது லிட்டர் தொட்டி போதும். அதைக் கொல்லையின் மேட்டுப் பக்கத்தில், முருங்கையோ வாழையோ நிழல் தரும் இடத்தில் வைக்க வேண்டும். அடியில் ஒரு துளையிட்டுக் குழாயும் அடைப்பானும் பொருத்திவிட்டால் தினமும் தூக்கிக் கவிழ்க்கும் பாடு இல்லை. தொட்டியைச் சுற்றி மூன்றடிக்கு ஜல்லி பரப்பினால் சேறு ஆகாது. தீனித் தட்டை நாலைந்து அடி தள்ளி வையுங்கள். ஓடி வருவதில் வாத்துக்குச் சிரமம் இல்லை. தண்ணீர் மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கலங்கும்.

பாத்தி

தொட்டியைத் திறந்தால் வரும் தண்ணீர் முதலில் ஒரு சிறு ஜல்லிக் குழியில் விழ வேண்டும். அந்தக் குழியில் கல்வாழையும் வெட்டிவேரும் நடுங்கள். இரண்டும் எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணைத் தாங்கும். அழுக்கு நீரில் உள்ள சத்தை உறிஞ்சும். வெட்டிவேரின் வேர் அடர்ந்து ஆழமாக இறங்குவதால் சரிவு மண் கரையாது. குழி நிரம்பி வழியும் நீர் அடுத்ததாக வாழை, அகத்தி, முருங்கை, கறிவேப்பிலைக்குப் போகட்டும். மிச்சம் வருவதுதான் கீரைப் பாத்திக்கு.

ஈரம் பிடிக்கும் பாத்திக்கு நம் ஊரில் செடிக்குப் பஞ்சமே இல்லை. பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி எல்லாம் வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் தானாக வருகிறவை. பொன்னாங்கண்ணித் தண்டைக் கிள்ளிச் செருகினால் மூன்று வாரத்தில் படர்ந்துவிடும். வாத்து மெல்லிய இலையைத்தான் முதலில் தேடும் என்பதால், பொன்னாங்கண்ணிக்கும் இளம் அகத்திக்கும் அடிதடி நடக்கும். துளசி, கற்பூரவள்ளி, புதினா போன்ற காட்டமான வாசனைச் செடிகளை அவை பெரும்பாலும் ஒரு கடி பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். அதனாலேயே அவற்றை வேலி ஓரச் செடியாகத் தைரியமாக வைக்கலாம்.

இளஞ்செடியை வாத்து தின்று அழிப்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம். அகன்ற சவ்வுக் காலால் ஒரு சுற்று வந்தாலே நாற்று மண்ணோடு ஒட்டிவிடும். ஆகவே பாத்தியை இரண்டடி அகலத்துக்கு மேல் போடாமல், நீளவாக்கில் அமைத்து, மூன்றங்குல இடைவெளியில் மூங்கில் பட்டை அடித்து வேலி கட்டுங்கள். அந்த இடைவெளியில் வாத்தின் கழுத்து நுழையும், உடம்பு நுழையாது. இரு பக்கமும் எட்டும் தூரத்துக்குத் தின்னும். நடுவில் உள்ள செடி தப்பித்து மறுபடி தழைக்கும். கீரையை யாரும் அறுத்துப் போட வேண்டிய வேலையே இல்லை. பாத்தி மேல் கம்பி வலை போட்டு வாத்தை அதில் நடக்க விடாதீர்கள். அதன் பாதம் மென்மையானது. கம்பி கீறிப் புண்ணானால் வீங்கி, ஆற மாதக்கணக்கில் ஆகும்.

களிமண் பூமியாக இருந்தால் ஒரே பாத்தியில் தினமும் தண்ணீர் விடக் கூடாது, தேங்கி நாறிவிடும். இரண்டு பாத்தி போட்டு மாற்றி மாற்றி விடுங்கள். மணற்பாங்கான கடலோர ஊர்களில் அந்தக் கவலை கிடையாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வாத்துத் தண்ணீர் பாயும் பாத்தியிலிருந்து நமக்குப் பச்சையாகத் தின்ன எதையும் பறிக்கக் கூடாது. வல்லாரைத் துவையல், புதினாச் சட்டினி, கொத்தமல்லி எல்லாம் நல்ல தண்ணீர் பாயும் வேறு பாத்தியில்தான் வளர வேண்டும். வாத்தின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். வாழைக்காயும் முருங்கைக்காயும் மண்ணில் படாமல் மேலே காய்ப்பவை, சமைத்துத் தின்பவை, அவற்றால் பயமில்லை. இதே கிருமிக்குப் பயந்துதான் வாத்து முட்டையை ஆஃப்பாயிலாகச் சாப்பிடக் கூடாது. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வேண்டும். மூலத்துக்கு நல்லது என்று வாத்து முட்டையைத் தேடி வந்து வாங்கிப் பச்சையாகக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

முட்டையின் கருவுக்கு நல்ல நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முருங்கை இலையும் அகத்தியும் போதும். கருவின் மஞ்சளும் சிவப்பும் தீனியில் உள்ள நிறமிகளிலிருந்து வருபவை. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் ஆலைகளுக்காகப் பயிராகும் செண்டுமல்லியிலிருந்து எடுக்கும் நிறமி பண்ணைக் கோழித் தீனியில் சேர்வதும் இதற்காகத்தான். வேலியோரம் நாலு செண்டுமல்லி வைத்து, வாடிய பூவின் இதழை உதிர்த்துத் தீனியில் கலந்தால் அதே வேலை நடக்கும்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல பொருள்தான். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் அதன் இலைக்குள்ளேயே குடியிருக்கிறது. உலர் எடையில் கால் பங்கு புரதம். ஆனால் குளத்திலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ அள்ளினால் உலர் பொருள் அறுபது கிராம் தேறும். அதில் புரதம் பதினைந்து கிராம். முட்டையிடும் ஒரு வாத்துக்கு நாளைக்கு இருபத்தைந்து கிராம் அளவுக்குப் புரதம் தேவைப்படுகிறது. அசோலாவை மட்டும் வைத்து அதை ஈடுகட்ட, வாத்து தன் எடை அளவுக்கு அசோலா தின்றாக வேண்டும். அசோலா போட்டால் தீனிச் செலவே இல்லை என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். தீனியோடு ஒரு கைப்பிடி பச்சை என்ற அளவில் அது அருமையானது.

கீழாநெல்லியும் கடலைப் புண்ணாக்கும்

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. தேடியதில், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததும், அந்தப் பூசணம் சுரந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கியதும் தெரியவந்தது. அஃப்லாடாக்ஸின் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான். பறவைகளில் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாவது வாத்து. ஒரு கிலோ உடல் எடைக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவான அளவே ஒரு நாள் குஞ்சைக் கொல்லப் போதும். உணவில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க வாத்துக் குஞ்சுகளையே ஆய்வகங்களில் பயன்படுத்தினார்கள் என்றால் வாத்தின் பலவீனம் புரியும்.

நம் வீடுகளில் வாத்துக்கு என்ன போடுகிறோம்? கடலைப் புண்ணாக்கு, உடைத்த மக்காச்சோளம், தவிடு, பழைய சோறு, ரேஷன் அரிசிக் குருணை. முதல் இரண்டும் ஈரம் பட்டால் பூசணம் பிடிப்பதில் முன்னணியில் நிற்பவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்கின் அடிப்பகுதி கட்டிபட்டிருக்கும். அதை உதிர்த்து, வெயிலில் காயவைத்து, வாத்துதானே தின்னட்டும் என்று போடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. காரணம் தெரியாமல் சாகும் கொல்லை வாத்துகளில் எத்தனையோ இப்படிப் போனவையாகத்தான் இருக்கும். கடலைப் புண்ணாக்கை வாத்துத் தீனியிலிருந்து அடியோடு விலக்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. புரதத்துக்கு சோயாப் புண்ணாக்கு, வேகவைத்த மீன் கழிவு, நத்தை இருக்கின்றன. மக்காச்சோளத்தைப் பதினைந்து நாளுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். தவிடு காறல் வாடை அடித்தால் எருக்குழிக்குப் போகட்டும்.

கல்லீரல் என்றதும் கீழாநெல்லி நினைவுக்கு வரும். மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் குடித்து வளர்ந்தவர்கள் நாம். அதற்கு விஞ்ஞான உலகிலும் ஒரு கதை உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், சென்னையின் எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-இல் லான்செட் இதழில் வந்த அவர்களுடைய முடிவு பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது: மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் தடயம் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. வாத்துக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் உண்டு. அந்த வைரஸ் தொற்றிய வாத்துக் குஞ்சுகளுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் ஒழியவில்லை.

இதை வைத்துக் கீழாநெல்லியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பாத்தியில் அது இருக்கட்டும், வாத்து தின்னட்டும், நல்ல கீரை. பூசணம் பிடித்த சாக்கை வைத்துக்கொண்டு, கல்லீரலைக் கீழாநெல்லி பார்த்துக்கொள்ளும் என்று நம்புவதுதான் ஆபத்து. தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்துத் தந்த சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவை மாடுகளின் மடிநோய்க்குத் தேசிய பால்வள வாரியத்தால் நாடெங்கும் பரப்பப்பட்டது. அது பலரிடம் எடுபட்டதற்குக் காரணம், எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று வரையறுத்ததுதான். மூலிகைக்கு நாம் தரக்கூடிய மரியாதை அந்த வரையறையே. சர்வரோக நிவாரணி என்று சொல்வது அதை மட்டம் தட்டுவதாகும்.

வேம்பும் நொச்சியும் எங்கே பயன்படும் என்றால், கூண்டைச் சுற்றி. காய்ந்த நொச்சி இலையைத் தானியத்தில் போட்டு வைப்பது பழைய வழக்கம்; அதையே முட்டையிடும் வைக்கோலுக்கடியிலும் ஒரு கை பரப்பலாம். மாட்டுத் தொழுவத்தில் போடுவதுபோல் மூடிய வாத்துக் கூண்டுக்குள் மூட்டம் போடாதீர்கள். பறவையின் மூச்சு அமைப்பு மிக நுட்பமானது. புகை அதற்கு ஆகாது. பூசண வைக்கோலும் அப்படியே நுரையீரலைத் தாக்கும். கூண்டில் பரப்ப உமியும் தேங்காய் நார்க்கழிவும் நல்லவை. ஈரமான பகுதியை அன்றன்று அள்ளி எருக்குழியில் போட்டுவிட வேண்டும்.

குஞ்சுகள்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு நீந்தும்தானே என்று உடனே தண்ணீரில் விடுவது பெரும் தவறு. தாயோடு இருக்கும் குஞ்சு தாயின் சிறகு எண்ணெய் ஒட்டிக்கொண்டு காப்பாற்றப்படுகிறது. தாயில்லாக் குஞ்சின் தூவி நனைந்து, குளிரில் விறைத்துச் செத்துப்போகும். முதல் வாரம் முப்பது டிகிரி சூடு தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் கோடையில் மூன்றே வாரத்தில் விளக்கை அணைத்துவிடலாம். அலகு அமிழ, ஆனால் உடம்பு விழாத அளவுக்கு, தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வையுங்கள்.

அடுத்தது கால். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் குஞ்சின் கால் வளைந்து, முழங்கால் வீங்கி, உட்கார்ந்தபடியே தவழத் தொடங்கும். வாதம் வந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது நியாசின் என்ற பி வைட்டமின் குறைவு. கோழிக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் 27 முதல் 35 மில்லிகிராம் நியாசின் போதும். வாத்துக் குஞ்சுக்கு 55 வேண்டும். கடையில் கிடைப்பதோ கோழிக் குஞ்சுத் தீனி. அதை அப்படியே போட்டால் வேகமாக வளரும் வாத்துக் குஞ்சின் எலும்பு ஈடுகொடுக்காது. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் திரவத்தை முதல் நாளிலிருந்தே தண்ணீரில் கலந்து கொடுங்கள், அல்லது தீனியில் ஈஸ்ட் தூள் சேருங்கள். கால் வளையத் தொடங்கிய ஓரிரு நாளில் கவனித்தால் மீட்டுவிடலாம், முற்றிவிட்டால் நிமிராது. எந்த மூலிகைச் சாறும் இந்த இடத்தை நிரப்பாது.

குஞ்சு பொரிக்க வைக்க விரும்பினால், சாதாரண வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள். முட்டைக்காக வளர்க்கும் காக்கி கேம்பெல் இன வாத்து அடையில் உட்காராது. கிராமத்தில் அடைக்கோழியின் கீழ் பத்துப் பன்னிரண்டு வாத்து முட்டை வைப்பார்கள். கோழிக்கு 21 நாள் கணக்கு என்பதால், கடைசி வாரம் அது எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை மேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளிக்கவும் வேண்டும்.

எந்த வாத்து?

இது நீண்ட விவாதம் தேவைப்படாத விஷயம். முட்டைக்கு என்றால் காக்கி கேம்பெல்: இங்கிலாந்தில் அடெல் கேம்பெல் என்ற பெண்மணி உருவாக்கிய இனம், நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை தரும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசுப் பண்ணையில் இதன் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். கறிக்கு வெள்ளை பெக்கின். சத்தம் ஆகாத தெருவில் இருப்பவர்கள் மணிலா வாத்து வாங்கலாம், அது கத்தாது. எனக்குப் பிடித்தது நம் நாட்டு வாத்துதான். துறவி ஆடை நிறத்தில் இருப்பதைச் சன்னியாசி என்றும், கீரி நிறத்தில் இருப்பதைக் கீரி என்றும் மந்தைக்காரர்கள் பிரிப்பார்கள். முட்டை பாதிதான், ஆனால் நம் வெயிலுக்கும் சேற்றுக்கும் பழகியது.

ஆறேழு பெட்டைக்கு ஒரு ஆண் போதும். முட்டை மட்டும் வேண்டுமென்றால் ஆணே தேவையில்லை. வால் இறகு மேல்நோக்கிச் சுருண்டு, குரல் கரகரத்தால் ஆண். உரக்கக் கத்துவது பெட்டை. கூண்டில் ஒரு வாத்துக்கு நாலு சதுர அடி இருக்க வேண்டும். கீரிப்பிள்ளையும் தெருநாயும் இரவில் வரும். தாழ்ப்பாள் உறுதியாக இருக்கட்டும். வாத்து விடிகாலையில்தான் முட்டையிடும் என்பதால், காலை எட்டு ஒன்பது மணிக்குமேல் திறந்துவிட்டால் முட்டையைக் கொல்லை முழுக்கத் தேட வேண்டியதில்லை.

பக்கத்தில் இருக்கக் கூடாதவை

கொல்லைக்கு அழகாக அரளி வைத்திருப்போம். ஆமணக்கும் ஊமத்தையும் தானாக முளைத்திருக்கும். குன்றிமணிக் கொடி வேலியில் ஏறியிருக்கும். நாலும் நஞ்சு; வாத்து மேயும் எல்லைக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அவகேடோ பழமும் தோலும் இலையும் பறவைக்கு ஆகாது. சமையலறையிலிருந்து போகும் ஊறுகாய் எண்ணெய், உப்புக் கருவாட்டுத் தலை, குழம்பு மீதி எல்லாவற்றிலும் உப்பு அதிகம். உப்பு வாத்தைக் கொல்லும் என்பது பலருக்குத் தெரியாது. பளபளப்பதை எல்லாம் விழுங்கும் பழக்கமும் அதற்கு உண்டு. வீடு கட்டும்போது சிந்திய ஆணி, கம்பித் துண்டு, கண்ணாடிச் சில்லை வாத்து வருவதற்கு முன்பே பொறுக்கிவிடுங்கள். முட்டையோட்டுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையான அளவை அதுவே எடுத்துக்கொள்ளும்.

தேங்கிய குட்டையில் எலியோ பறவையோ செத்து அழுகிக் கிடந்தால் அந்தப் பக்கம் வாத்தை விடவே கூடாது. அழுகலில் விளையும் நஞ்சைத் தின்ற புழுவை வாத்து தின்றால் கழுத்து தொங்கிவிடும். நிமிர்த்த முடியாமல் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும்.

தடுப்பூசி

வாத்துக் கொள்ளைநோய் வைரஸால் வருவது. வந்துவிட்டால் மருந்து இல்லை, மந்தையே போகும். தடுப்பூசி ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிலையத்தில் தயாராகிறது. பொதுவாக எட்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் போடச் சொல்வார்கள். துளசியோ மஞ்சளோ பூண்டோ இதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கோலிஸ்டின் என்ற மருந்தைக் கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் பிராணிகளுக்குத் தரக் கூடாது என்று இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் மருந்து அது. சுத்தமான தொட்டியும் தண்ணீர் தேங்காத பாத்தியும் இருந்தால் அந்தப் புட்டிகள் பெரும்பாலும் தேவைப்படாது.

பறவைக் காய்ச்சலையும் மறக்கக் கூடாது. 2014-லும் 2021-லும் 2024-லும் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் அது பரவியபோது அழிக்கப்பட்டவற்றில் வாத்துகளே பெருமளவு. வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் வாத்து அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடும். ஆகவே வலசைப் பறவை வந்து இறங்கும் ஏரியில் வீட்டு வாத்தை மேயவிடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று செத்தால் அறுத்துப் பார்க்கவோ வாய்க்காலில் வீசவோ வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆடியில் பாத்தி போட்டு, குழி வெட்டி, வெட்டிவேரும் அகத்தியும் நட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் அவை வேர் பிடிக்கட்டும். அந்த ஈரத்தில் குஞ்சு வாங்கி அல்லாட வேண்டாம். தை பிறந்ததும் குஞ்சு வாங்குங்கள். தடுப்பூசிப் புட்டி ஒன்றில் நூறு வாத்துக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நாலு வாத்துக்காக ஒரு புட்டியை உடைக்க மருந்தகத்தில் தயங்குவது இதனால்தான். உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் வாத்து வைத்திருப்பவர்களை இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.